இடது பக்கத்து ஒயர்

லைட் பார் வந்த பெட்டி தம்பியின் உயரம் இருந்தது. ஷெட்டு வாசலில் அதை நிமிர்த்தி நிறுத்தி, கூட்டாளியைப் போல அதன்மேல் கை போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தான். அதற்குப் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா, வந்துடுச்சு! பின்கதவுக்குக் கீழே இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கோடு. பிரேக் பிடிச்சா சிவப்பு. திரும்பினா மஞ்சள் அப்படியே ஓடும். சர்க்கஸ் கூடாரம் தோத்துடும் போ.”

“முட்டை ஏத்துற வண்டிக்கு எதுக்குடா சர்க்கஸ்?”

“பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைக் கிழிக்கத் தொடங்கினான். அக்கா கையிலிருந்த முட்டைத் தட்டை அடுக்கின்மேல் மெதுவாக வைத்தாள். மெதுவாக வைப்பது அவளுக்குப் பழகிப்போனது. கோபத்தில்கூட அவளுக்கு எதையும் தூக்கி எறிய வராது.

அப்பாவின் மூட்டு இரண்டும் பழுதாகி அவர் வண்டியிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அவள்தான் அந்தப் பிக்கப் வண்டியை ஓட்டினாள். பண்ணையிலிருந்து முட்டை எடுத்து, ஷெட்டில் தரம் பிரித்து, நகரத்தின் பேக்கரிகளுக்கும் விடுதிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது. பேக்கரிக்காரர்களுக்கு அவள் முட்டை அக்கா. தலைமுடி நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேகத்தடை வருவதற்கு வெகு தூரம் முன்பே அவள் கால் ஆக்சிலேட்டரை விட்டுவிடும். “உன் வண்டியில தூங்குற குழந்தையைக்கூட அனுப்பலாம்” என்று ஒரு பேக்கரி முதலாளி சொன்னதை அப்பா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. வெயிலில் முட்டையோடு வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க முடியாது. அதனால் ஃப்யூஸ் மாற்றுவதில் தொடங்கி ஒயரிங் வரை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

அதெல்லாம் அந்த விபத்துக்கு முன்பு.

தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். பேக்கரிச் சந்துக்குள் திரும்ப வேண்டும். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நடுரோட்டில் நின்றாள். பின்னாலிருந்து வந்த பைக் வண்டியின் இடது மூலையில் மோதியது. பிக்கப் லேசாக ஆடியது, அவ்வளவுதான். தட்டுகள்கூட நகரவில்லை. அவள் இறங்கி ஓடிப் பார்த்தபோது, பைக்கில் வந்த ஆள் ரோட்டில் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அவருடையது போலவே இல்லை.

அவர் ஒரு பெயிண்டர். ஆஸ்பத்திரிப் படுக்கையில் போலீஸ்காரரிடம் தெளிவாகச் சொன்னார்: “வலது பக்கம் ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் சார் தெரிஞ்சுது. முன்னாடி ஏதோ பைக் போகுதுன்னு நினைச்சேன். இடது பக்கமா ஒதுங்கிப் போகலாம்னு வந்தேன். அங்கே வண்டி இருந்துச்சு.”

இடது பக்க விளக்கு எரியவில்லை. மோதலில் அது நொறுங்கிப்போயிருந்ததால் ஏன் எரியவில்லை என்று யாரும் ஆராயவில்லை. பராமரிப்பில் அலட்சியம் என்று எழுதி அவளுடைய லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள்.

அவள் தினமும் காலையில் வண்டியை ஷெட்டின் பின்சுவர்வரை ரிவர்ஸ் எடுத்து, சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே தெருவில் இறங்குவாள். “காலையில பார்த்தேன். ரெண்டும் எரிஞ்சுது” என்று ஸ்டேஷனில் சொன்னாள். வீட்டில் சொன்னாள். பெயிண்டரின் மனைவியிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பாதான் ஒரு நாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோபமே இல்லாமல், ஆறுதலாகச் சொன்னார்: “தினமும் செய்யுற வேலைம்மா. நேத்துப் பார்த்ததை இன்னைக்குப் பார்த்ததா நினைச்சிருப்பே. மனுஷனுக்கு நடக்கிறதுதான்.”

அன்றைக்கு அவள் நம்பவில்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சுவரில் விழுந்த இரண்டு வட்டங்களை நினைத்துப் பார்க்க முயலும்போதெல்லாம் அது எந்த நாளின் சுவர் என்று குழம்பியது. கொஞ்ச நாளில், “பார்த்தேன்” என்பதை விட்டு “பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்” என்று சொல்ல ஆரம்பித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். சாவி தம்பியின் கைக்குப் போனது. அவள் ஷெட்டுக்குள் முட்டை பொறுக்கினாள்.

வாரம் ஒருமுறை பெயிண்டர் வீட்டுக்குப் போய் வந்தாள். முதலில் கதவே திறக்கவில்லை. பிறகு திறந்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசுவாள், அல்லது பேசாமல் இருப்பாள். “வாம்மா, லைட்டு போடாத மகராசி” என்றுதான் பெயிண்டர் அவளை வரவேற்பார். ஒருமுறை தன் கையைத் தூக்கிக் காட்டி, “இது இப்போ எதுக்கு உதவும் சொல்லு? ஈ ஓட்டக்கூட இடது கைதான்” என்றார். அவள் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். தனக்குச் சேர வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

இப்போது, விபத்து நடந்து எட்டு மாதத்துக்குப் பிறகு, இந்த லைட் பார்.

“கடையில கொடுத்தா குத்து மதிப்பா ஒட்டிக் கொடுப்பான். நீ போட்டா ஆயுசுக்கும் நிக்கும்” என்றான் தம்பி. ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் அவன் வாயில் தேன் ஒழுகும்.

அவள் வேலையைத் தொடங்கினாள். பின்கதவை இறக்கினாள். கதவுக்கும் பம்பருக்கும் இடையிலிருந்த இடைவெளியில் பாரை வைத்துப் பார்த்தாள். கதவு முழுதாகத் திறக்கும்போது அது இடிக்கக் கூடாது. ஒரு விரல் உள்ளே தள்ளிப் பிடித்தால் சரியாக இருந்தது. அந்த இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றையும், உடைந்த முட்டையின் பழைய கறையையும் சுரண்டி எடுத்தாள். தம்பி ஓட்ட ஆரம்பித்த பிறகு வந்த கறை அது. துணியில் ஸ்பிரிட் நனைத்து, தகரம் கீச்சிடும்வரை துடைத்தாள். பாரின் முதுகில் பசை இருந்தது. பசையை மட்டும் நம்பி விட முடியாது. குண்டும் குழியுமான ரோட்டில் அது என்றைக்காவது ஒரு நாள் பல்லை இளிக்கும். நான்கு இடங்களில் துளை போட்டு, துளையின் விளிம்பில் துருப் பிடிக்காமலிருக்க பெயிண்ட் தொட்டு வைத்து, கிளிப் போட்டு முடுக்கினாள்.

அதுவரை தம்பி பக்கத்திலேயே நின்று, அதைப் பிடி இதைப் பிடி என்று சொன்னதையெல்லாம் செய்தான். ஒயர் வேலை ஆரம்பித்ததும் அவனுக்குச் சலித்துப்போனது. “டீ வாங்கிட்டு வர்றேன்” என்று கிளம்பினான்.

பெட்டியோடு வந்த தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை எழுதியிருந்தது. வண்டியில் இருந்த நிறங்கள் வேறு. தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டாள். எந்த ஒயரில் எப்போது கரண்ட் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக் மிதிக்க வேண்டும், இண்டிகேட்டர் போட வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

“பார்க் லைட் போடுங்கப்பா.”

“போட்டாச்சு.”

“அணைச்சிட்டு பிரேக்.”

“மிதிச்சாச்சு.”

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, இடது பக்க விளக்குக்குப் போகும் ஒயரைத் தொட்டாள். விளக்கு எரிகிறது, ஆனால் அந்த ஒயரில் கரண்ட் இல்லை. கூர்ந்து பார்த்தபோது புரிந்தது. விபத்துக்குப் பிறகு புது விளக்கு மாட்டிய ஒர்க்‌ஷாப்காரர், பழைய ஒயரில் உயிர் இல்லை என்று கண்டதும், அதைத் தேடிக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்றை நேராக இழுத்துவிட்டிருந்தார். பழையது வண்டியின் அடிச்சட்டத்தில், சேசிஸ் ஓரமாக, அனாதையாகக் கிடந்தது.

செத்த ஒயரை அப்படியே விட்டுவைப்பது அவளுக்குப் பிடிக்காது. எங்காவது உரசினால் ஆபத்து. அதைப் பிடித்து இழுத்தபடி முன்னால் நகர்ந்தாள். முட்டை ஏற்றும் பின்தொட்டிக்கு நடுவில், கிளிப்புக்குப் பின்னால் ஒளிந்தாற்போல ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள்.

ஒயரை அறுத்து, திரும்ப முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். சேர்த்த இடத்தில் சுற்றியிருந்தது முட்டைப் பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப். கொஞ்சமாவது ஒயரிங் தெரிந்தவர்கள் அந்த டேப்பைச் சுற்ற மாட்டார்கள். பசை காய்ந்து அது உரிந்திருந்தது. உள்ளே முறுக்கு பிரிந்து இரண்டு முனைகளும் தனித்தனியாக நின்றன. ஒரு முனையோடு இன்னொரு துண்டு ஒயரும் சேர்ந்து முறுக்கப்பட்டிருந்தது. சிவப்பும் கறுப்பும் ஒட்டிய தட்டை ஒயர், விரல் நீளம். அவசரத்தில் பிய்த்தெடுத்ததில் மிஞ்சிய துண்டு.

அந்த ஒயரை அவளுக்குத் தெரியும். தம்பி படுக்கும் அறையில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரின் வால் அது.

மல்லாந்து படுத்தபடியே யோசித்தாள். விபத்துக்கு முந்தின நாள் தம்பி அவளிடம் வண்டியை வாங்கிக்கொண்டு கூட்டாளிகளோடு ஏரிக்கரைக்குப் போனான். பாட்டுப் போடத் தொட்டியில் ஸ்பீக்கர் வைத்திருப்பான். கரண்டுக்கு, கைக்கு எட்டிய ஒயரை அறுத்திருக்கிறான். திரும்பி வந்ததும் அவள் காலையில் வண்டி எடுப்பாளே என்று அவசரமாக முறுக்கி, கைக்குக் கிடைத்த டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறான். காலையில் அது ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். பகல் முழுக்க ஆடி ஆடிச் சாயங்காலத்துக்குள் பிரிந்திருக்கும்.

அப்படியானால் காலையில் சுவரில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. அவள் பார்த்தாள். பார்த்தது அன்றைய சுவரைத்தான்.

அடியிலிருந்து வெளியே வந்தாள். ஒயர்த் துண்டை வெட்டியெடுத்து, டிரைவர் கதவுப் பக்கம் போய், அப்பாவுக்கு முன்னால் டேஷ்போர்டின்மேல் வைத்தாள். இது என்ன என்று அவர் கேட்பார், சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை எதுக்கு இப்போ போய் நோண்டி எடுக்கிறே?” என்றார்.



“உங்களுக்குத் தெரியுமா?”

அப்பா கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்தார். “அன்னைக்கே சொல்லிட்டான். நீ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. தேம்பித் தேம்பி அழுதான். மூச்சே விட முடியலை அவனுக்கு.”

“நானும்தான் அழுதேன்.”

“நீ தாங்கிடுவே. அவன் தாங்க மாட்டான்மா.”

“தாங்குறவ தலையிலதான் ஏத்துவீங்களா?”

“வெளியே தெரிஞ்சா கேஸ் அவன் பக்கம் திரும்பும். வாழ வேண்டிய பையன். உனக்கு என்ன, ஒரு வருஷம் லைசென்ஸ்தானே போச்சு? திருப்பிக் கொடுத்துடப் போறாங்க.”

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “என் பக்கத்துல வந்து உட்கார்ந்து சொன்னீங்களேப்பா. நேத்துப் பார்த்ததை இன்னைக்குப் பார்த்ததா நினைச்சிருப்பேன்னு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னீங்களா?”

“ஏதாவது சொல்லணும்ல” என்றார் அப்பா.

அதற்கு மேல் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தூரத்தில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அப்பா சீட்டில் கொஞ்சம் அசைந்தார். “பிரேக் மிதிக்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லு. கால் வலிக்குது” என்றார்.

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பாரின் ஒயர்கள் பம்பருக்கு அடியில் கோழிக்குடல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. வலதுக்கு இடதையும் இடதுக்கு வலதையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாளைக்கும் இந்த வண்டிக்குப் பின்னால் யாராவது வருவார்கள். அப்பாவோ தம்பியோ அல்ல, யாரோ.

“மிதிங்க” என்றாள்.

ஒவ்வொரு ஒயராகத் தோல் சீவி, சேர்த்து, சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினாள். கதவு ஏறி இறங்கும் இடத்தில் ஒயர் நசுங்காமலிருக்கக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். எர்த் ஒயருக்குச் சேசிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆனால் கை தன் வேலையைப் பார்த்தது.

பிறகு எட்டிப் போய் நின்றாள்.

“பிரேக்!”

பின்கதவுக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிவப்புக்கோடு பிடித்தது. ஷெட்டுச் சுவர் முழுக்கச் சிவந்தது.

“எரியுதா?” என்று உள்ளேயிருந்து கேட்டார் அப்பா.

“எரியுது.”

“லெஃப்ட்?”

“எரியுது.”

“ரைட்டு?”

“எல்லாம் எரியுது. இறங்குங்க.”

அப்பா இறங்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் போய்விட்டார். ஒயர்த் துண்டு டேஷ்போர்டில் இல்லை. அவர் அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை அவள் கவனித்தாள், தடுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்?

டீயோடு வந்த தம்பி வண்டியின் பின்னால் நின்று கைதட்டினான். “அக்கா! தேவலோகம் மாதிரி இருக்கு!”

“ஏரிக்கரைக்குப் போனப்போ எந்த ஒயரை அறுத்தே?”

கையிலிருந்த டீ அவன் விரலில் சிந்தியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

“அக்கா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்போ?”

“அப்பாதான் வேணாம்னாரு.”

“அப்பா வேணாம்னு சொன்னது நூறு இருக்கும். நீ கேட்டது இது ஒண்ணைத்தான்.”

அவன் அழ ஆரம்பித்தான். நல்ல பையன்தான். சின்ன வயதில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டுப்போட்டவன். இப்போதும் உண்மையாகத்தான் அழுதான், குலுங்கிக் குலுங்கி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பழக்கத்தில் கை அவன் முதுகுப் பக்கம் போகப் பார்த்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“என்னை என்ன பண்ணச் சொல்றே? சொல்லு, பண்றேன்” என்றான்.

“அந்த ஆள் வீட்டுக்கு என்கூட வா. வந்து உன் வாயால சொல்லு.”

அவன் தரையைப் பார்த்தான். அதுதான் பதில்.

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து வாசலில் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திருகினாள். தண்ணீர்ச் சத்தம் அதிகமாயிற்று.

“அம்மா, உனக்கும் தெரியுமா?”

“வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட இருக்கட்டும்மா.”

“அப்போ இந்த வீட்டுல தெரியாத ஆள் நான் ஒருத்திதானா?”

அம்மா ஏற்கெனவே கழுவிவைத்த தட்டை எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

அவள் தனியாகத்தான் பெயிண்டர் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது. எட்டு மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைக்கப் போகிற ஆளுக்கு இருக்கும் அவசரம் அவளுக்கும் இருந்தது. படி ஏறும்போது, இன்றைக்காவது உட்காரச் சொல்வார்கள் என்றுகூட நினைத்தாள்.

பெயிண்டர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். “வாம்மா, லைட்டு போடாத…” என்று ஆரம்பித்தார்.

“அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்.”

சொன்னாள். ஏரிக்கரை, ஸ்பீக்கர், டேப், காலையில் பார்த்த சுவர், எல்லாம். அப்பாவுக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னாள். “ஸ்டேஷனுக்குப் போகலாம்னா சொல்லுங்க. நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன்” என்றாள். பெயிண்டரின் மனைவி வாசல்நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெயிண்டர் மடங்கிக் கிடந்த வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

“இதை எதுக்கும்மா வந்து சொன்னே?” என்றார் கடைசியில்.

“உங்களுக்குத் தெரியணும்ல.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கை வந்துடுமா?” அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கமாக இருந்திருக்கும். “தினம் காலையில கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் திட்டுவேன். சட்டைப் பித்தான் போட முடியலையா, உன்னைத் திட்டுவேன். வாரா வாரம் நீயும் வந்து நின்னே. திட்டுறதுக்கு ஒரு முகம் இருந்துச்சு. இப்போ அதையும் எடுத்துட்டே. உன் தம்பியை நான் பார்த்ததே இல்லையே. மூஞ்சி தெரியாத ஒருத்தன்மேல எப்படிக் கோபப்படுறது?”

“நான் அதுக்காகச் சொல்லலை…”

“நீ உன் பாரத்தை இறக்கத்தான் வந்தே. தப்புன்னு சொல்லலை. இறக்கிட்டே, போ.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இனிமே வராதேம்மா.”

அவருடைய மனைவி படிவரை கூட வந்தாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தாள். “உன்கிட்டே கொஞ்சம் கடுமையாத்தான் நடந்துக்கிட்டேன்” என்றாள். மன்னிப்பா, கணக்கு முடித்துக்கொள்வதா என்று சொல்ல முடியாத குரல். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அக்கா படி இறங்கினாள்.

அந்த வாரமே அவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. இரண்டு பைகளில் துணி, ஒரு டூல்பாக்ஸ். “எங்கே போறே?” என்று அம்மா கேட்டாள். “வேலைக்கு” என்றாள். ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த துணி கொண்டுபோகும் லாண்டரி ஒன்றில் முதலில் மூட்டை கட்டினாள். லைசென்ஸ் திரும்பி வந்ததும் வேனைக் கொடுத்தார்கள். துணி உடையாது. வேகத்தடையில் அவள் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறாள் என்று உடன் வரும் ஆட்கள் கேலி செய்தார்கள்.

பேக்கரிக்காரர்கள் வழியில் பார்த்தால் நிறுத்திப் பேசுவார்கள். தட்டுக்கு நாலு முட்டை உடைந்து வருகிறதாம். ஆனால் வண்டி மட்டும் அட்டகாசமாக இருக்கிறதாம். சாயங்காலத்தில் அது திரும்புவதைப் பார்க்கவே அழகாம். “உன் தம்பியே மாட்டினதாமே, உங்க அப்பா சொன்னாரு. கெட்டிக்காரப் பையன்” என்றார் ஒருவர். அவள் தலையை ஆட்டிவிட்டு வேனை எடுத்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், அப்பா லாண்டரி வாசலில் வந்து நின்றார். யார் கொண்டுவந்து விட்டார்களோ தெரியவில்லை. ஊன்றுகோலோடு, சலவை செய்த சட்டையில், கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். தப்பாகிவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள். இவ்வளவு தூரம் இந்த மூட்டோடு வந்திருக்கிறார், சும்மாவா வந்திருப்பார்?

“உட்காருங்கப்பா” என்று துணி மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தார். அவளுடைய வேலை, சாப்பாடு, இருக்கும் அறை எல்லாவற்றையும் விசாரித்தார். மெலிந்துவிட்டாள் என்றார். பிறகு ஊன்றுகோலின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: “தம்பிக்கு ஒரு இடம் வந்திருக்கு. நல்ல குடும்பம். பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு.”

“சந்தோஷம்.”

“அவங்க நாலு இடத்துல விசாரிப்பாங்க. உன்கிட்டேயும் யாராவது வந்து கேட்கலாம். அந்த விபத்தைப் பத்தி.”

அவள் காத்திருந்தாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியே இருக்கட்டும். நீ புதுசா எதுவும் சொல்லிடாதே.”

உள்ளே துவைக்கும் இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூட்டைகள் ஏற்ற வேண்டும்.

“நானா போய் யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன்பா” என்றாள். “ஆனா யாராவது வந்து கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்.”

அப்பாவின் முகம் சுருங்கியது. “சொந்தத் தம்பிக்குக்கூடவா?”

“சொந்தப் பொண்ணுக்கு நீங்க சொன்னீங்களே.”

அவர் எழுந்தார். எழ முடியாமல் தடுமாறியபோது அவள்தான் பிடித்துத் தூக்கிவிட்டாள். கேட்டுவரை கூடவே நடந்து, ஆட்டோ பிடித்து, கால் இடிக்காமல் ஏற்றி உட்காரவைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரரிடம், மேடு பள்ளம் பார்த்து மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், வேனுக்குப் பக்கத்தில் தெரியாத ஆள் யாராவது வந்தால் இவர்களாக இருக்குமோ என்று நினைப்பாள். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வாள். ஆனால் யாரும் வரவில்லை. பெண் வீட்டார் பண்ணையில் கேட்டார்கள், பேக்கரியில் கேட்டார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லைட்டு போடாதவளிடம் போய் என்ன கேட்பது?